அகதா கிறிஸ்டி: நாவலாசிரியர் நாடகம் எழுதினாரா, நாடகாசிரியர் நாவல் எழுதினாரா?

2024 ஜூன் 3 (வாசகர் ஒருவர் எழுதியது)

ஆங்கில எழுத்தாளர் அகதா கிறிஸ்டியைப் பற்றிப் பேசும்போது, அவருடைய நாடகங்களுக்கு இவ்வளவு இடம் கொடுப்பது மிகை என்று நினைக்கிறேன். 66 துப்பறியும் நாவல்களை எழுதிய ஒருவர், அவற்றில் நன்றாக விற்றவற்றைச் சுருக்கி மேடைக்குத் தந்தார், அவ்வளவுதானே? அவரை நாடகாசிரியர் என்று சொல்வது எந்த அளவுக்குச் சரி?

2024 ஜூன் 3, இரவு

முழு அளவுக்குச் சரி. 1954 டிசம்பரில் நாடக அரங்குகள் நிறைந்த லண்டனின் வெஸ்ட் எண்ட் பகுதியில் அவருடைய மூன்று நாடகங்கள் ஒரே நேரத்தில் நடந்துகொண்டிருந்தன: அம்பாசடர்ஸ் அரங்கில் 'தி மவுஸ்டிராப்', விண்டர் கார்டன் அரங்கில் 'விட்னஸ் ஃபார் த ப்ராசிக்யூஷன்', சவாய் அரங்கில் 'ஸ்பைடர்ஸ் வெப்'. இம்மூன்றில் ஒன்றுகூட நாவலின் சுருக்கம் அன்று. முதலாவது 1947இல் பிபிசிக்காக எழுதிய வானொலி நாடகத்திலிருந்து வளர்ந்தது. இரண்டாவதற்கு வித்து 1925இல் வெளியான ஒரு சிறுகதை. மூன்றாவது, மார்கரெட் லாக்வுட் என்ற நடிகைக்கென்றே புதிதாக எழுதப்பட்டது.

இரண்டாவதைக் கொஞ்சம் நின்று பாருங்கள். சிறுகதையில் விரைவாகக் கடந்துபோகும் வழக்கு விசாரணை, நாடகத்தில் சாட்சிக்கூண்டும் நடுவர் குழுவும் குறுக்கு விசாரணையுமாக மேடையையே நிறைத்துக்கொள்கிறது. அதற்காக அவர் புகழ்பெற்ற வழக்குகளின் பதிவுத் தொகுதிகளை உட்கார்ந்து படித்தார். எழுதியதை வழக்கறிஞர்களிடம் காட்டித் திருத்தினார். சிறுகதை முடிந்த இடத்தில் நிற்காமல் இன்னொரு திருப்பத்தைக் கடைசியில் சேர்த்தார். உடனிருந்தவர்கள் அது வேண்டாம் என்று வற்புறுத்தியபோதும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. 1953 அக்டோபர் 28 அன்று லண்டனில் தொடங்கிய அந்த நாடகம் அங்கே 468 முறையும், அடுத்த ஆண்டு நியூயார்க்குக்குப் போய் 645 முறையும் நிகழ்த்தப்பட்டது. நியூயார்க் நாடக விமர்சகர் வட்டம் சிறந்த வெளிநாட்டு நாடகத்துக்கான விருதை அதற்குக் கொடுத்தது. உபரி வேலையாகச் செய்ததற்கு இத்தனை உழைப்பை யாரும் செலவிடுவதில்லை.

2024 ஜூன் 4

நேற்று எழுதியதை மறுபடி படித்தபோது, வெற்றிகளை அடுக்கியது போதாது என்று தோன்றியது. எத்தனை முறை நிகழ்ந்தது என்பது ஒருவரை நாடகாசிரியர் ஆக்கிவிடாது. அந்த ஆற்றல் அவரிடம் எப்போது வந்தது என்பதல்லவா கேள்வி? அதற்கு அவருடைய இளமைக்குப் போக வேண்டும்.

1890 செப்டம்பர் 15 அன்று டெவன் பகுதியிலுள்ள டார்க்கி என்ற கடற்கரை ஊரில் பிறந்தார். எட்டு வயதுவரை குழந்தைக்குப் படிக்கக் கற்றுக்கொடுக்கக் கூடாது என்பது தாயின் கொள்கை. மகளோ ஐந்து வயது வாக்கில் தானாகவே படிக்கத் தொடங்கிவிட்டாள். பதினோரு வயதில் தந்தையை இழந்தார். பாரிஸில் பியானோவும் பாட்டும் முறையாகப் பயின்றார். ஆனால் நான்கு பேர் முன்னால் வாசிக்க வேண்டும் என்றாலே கை நடுங்கும் அளவுக்குக் கூச்சம் இருந்ததால், இசையைத் தொழிலாகக் கொள்ளும் கனவு அங்கேயே நின்றது. மேடையில் ஏற முடியாத ஒருவர் மேடைக்கு எழுதுபவராக ஆனார் என்பதை நான் பல நாள் நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

பதினெட்டு வயதை ஒட்டி, கெய்ரோவைக் களமாக வைத்து ஒரு நாவல் எழுதினார். பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. அப்போது அண்டை வீட்டில் இருந்த ஈடன் ஃபில்பாட்ஸ் என்ற எழுத்தாளர் அந்தக் கைப்பிரதியைப் படித்துவிட்டு ஒரு கடிதம் எழுதினார். அதன் சாரம் இரண்டே செய்திதான்: உரையாடலில் உனக்கு நல்ல கை இருக்கிறது, அறிவுரைகளை எல்லாம் வெட்டிவிட்டுப் பாத்திரங்களைத் தாமாகப் பேச விடு. எந்த நூலும் வெளிவராத வயதிலேயே அவரிடம் ஒருவர் கண்டெடுத்தது ஒரு நாடகாசிரியரின் பண்பை. என் வாதம் முழுவதும் இந்தக் கடிதத்தில்தான் நிற்கிறது.

2024 ஜூன் 4, மாலை

இன்னொன்று. அந்த வீட்டில் வெஸ்ட் எண்டை முதலில் எட்டியவர் அகதா அல்லர், அக்கா மேட்ஜ். அவருடைய 'தி கிளைமன்ட்' என்ற நாடகம் 1924இல் லண்டனில் அரங்கேறியது. உன்னால் துப்பறியும் கதை எழுத முடியாது என்று சவால் விட்டுத் தங்கையை அந்தத் துறைக்குள் தள்ளியவரும் இதே அக்காதான்.

2024 ஜூன் 6

தம் நாவல்களில் வரும் துப்பறிவாளர் பொய்ரோவைக் கிறிஸ்டி ஏன் மேடையிலிருந்து நீக்கினார் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. தம் நாவல்களை நாடகமாக்கும்போது கிறிஸ்டி செய்த முதல் காரியமே ஹெர்க்யூல் பொய்ரோவை வெளியே அனுப்புவதுதான். 'டெத் ஆன் த நைல்' மேடைக்கு வந்தபோது அவர் இடத்தில் ஒரு பாதிரியார் நின்றார். 'அப்பாயின்ட்மென்ட் வித் டெத்' நாடகத்தில் துப்பறிபவர் போனதோடு குற்றவாளியே மாறிவிட்டார். 'தி ஹாலோ' நாடகத்தில் ஒரு காவல் ஆய்வாளர் போதும் என்று முடிவு செய்தார். 'ஃபைவ் லிட்டில் பிக்ஸ்' நாவல் 1960இல் 'கோ பேக் ஃபார் மர்டர்' என்ற பெயரில் மேடையேறியபோது ஓர் இளம் வழக்கறிஞர் அந்த வேலையைச் செய்தார்.

உலகம் முழுவதும் கொண்டாடிய ஒரு பாத்திரத்தை, அதைப் படைத்தவரே வாசலில் நிறுத்திவிட்டார். அரங்கின் முன்வரிசையை நிரப்ப அந்தப் பெயர் ஒன்றே போதுமாயிருந்தும் அப்படிச் செய்தார் என்றால், அவர் மேடையைப் பற்றி ஏதோ அறிந்திருந்தார் என்று பொருள். நாவலில் பொய்ரோ நம் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாரையும் பார்க்கிறார். நாமும் அவர் தோளுக்கு மேலாகப் பார்க்கிறோம். மேடையில் அவர் வந்து நின்றால் எல்லாக் கண்ணும் அவர் மீசையின் மேல் போய்விடும். சந்தேகத்துக்குரிய எட்டுப் பேரும் பின்னால் நிற்கும் நாற்காலிகளைப் போல ஆகிவிடுவார்கள். யாரைக் கவனிக்க வேண்டுமோ அவரைக் கவனிக்க ஆள் இருக்காது.

2024 ஜூன் 7

திருத்தம். நேற்று எழுதியதைப் படித்தவர்கள் பொய்ரோ அவருடைய எந்த நாடகத்திலும் இல்லை என்று எடுத்துக்கொள்ளக்கூடும். நான் சொன்னது நாவல்களிலிருந்து அவரே ஆக்கிய நாடகங்களைப் பற்றி மட்டும். மேடைக்கென்றே அவர் எழுதி அரங்கேறிய முதல் நாடகமான 'பிளாக் காஃபி'யில் பொய்ரோ நடுநாயகமாக இருக்கிறார். 1930 டிசம்பரில் எம்பசி அரங்கில் நிகழ்ந்த அதில் ஃபிரான்சிஸ் சல்லிவன் அந்த வேடத்தை ஏற்றார். பொய்ரோவை மேடையில் நிறுத்திப் பார்த்த பிறகுதான் அவரை நீக்கும் முடிவுக்கு வந்தார் என்பது என் வாதத்துக்கு வலுச்சேர்க்கவே செய்கிறது.

2024 ஜூன் 7, பின்னிரவு

அதற்கும் முன்னால் நடந்ததை விட்டுவிட்டேன். 1928இல் மைக்கேல் மார்ட்டன் என்பவர் கிறிஸ்டியின் 'தி மர்டர் ஆஃப் ரோஜர் அக்ராய்ட்' நாவலை 'அலிபை' என்ற பெயரில் நாடகமாக்கினார். பொய்ரோவின் வயதில் இருபதைக் குறைத்து, பெண்கள் மயங்கும் கட்டிளங்காளையாக்க வேண்டும் என்பது அவருடைய முதல் யோசனை. கிறிஸ்டி உறுதியாக மறுத்தார். அதற்கு ஈடாக, அந்த நாவலில் கதை சொல்லும் மருத்துவரின் அக்கா கரோலைனை விட்டுக்கொடுக்க நேர்ந்தது. அவள் இடத்தில் ஓர் இளம்பெண் வந்தாள். வீட்டை விட்டு அசையாமலேயே ஊரில் நடப்பதை எல்லாம் அறிந்துவைத்திருக்கும் அந்த முதிர்ந்த பெண்மணியை இழந்தது கிறிஸ்டிக்கு ஆறாத வருத்தமாக இருந்தது. அவருடைய இன்னொரு துப்பறிவாளரான முதிய மிஸ் மார்ப்பிள் அந்த வருத்தத்திலிருந்து பிறந்திருக்கலாம் என்று அவரே தம் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். பிறர் கையில் தம் கதை என்ன ஆகிறது என்று கண்டதுதான், தாமே நாடகமாக்கத் துணிந்ததற்குக் காரணம்.

2024 ஜூன் 10

இன்று மருந்தகத்தைப் பற்றி. முதல் உலகப் போரின்போது டார்க்கி மருத்துவமனையில் செவிலியராகச் சேர்ந்து, பின்னர் மருந்தகத்துக்கு மாறி, 1917இல் அதற்குரிய தேர்விலும் தேறினார். அங்கே வேலையற்ற மணிநேரங்களில் யோசித்து 1916இல் எழுதியதுதான், வெளிவந்த முதல் நாவலான 'தி மிஸ்டீரியஸ் அஃபேர் அட் ஸ்டைல்ஸ்'. ஸ்ட்ரிக்னைன் என்ற நஞ்சு சிறிதளவு கலந்த மருந்தில் புரோமைடு என்ற உப்பைச் சேர்த்தால் நஞ்சு முழுவதும் அடியில் படிந்துவிடும், புட்டியின் கடைசி வேளை மருந்தே ஆளைக் கொல்லும் என்ற செய்தியை, மருந்து கலக்கும் கைக்குத் தெரிந்த எளிமையோடு அதில் பயன்படுத்தியிருக்கிறார். மருந்தியல் இதழ் ஒன்று அந்த நாவலைப் பாராட்டியது அவருக்கு மிகப் பிடித்த மதிப்புரைகளில் ஒன்று.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அந்த முதல் நாவலின் கைப்பிரதியில் பொய்ரோ உண்மையை நீதிமன்றத்தில், சாட்சிக்கூண்டில் நின்று சொல்கிறார். பதிப்பாளர் ஜான் லேன், நீதிமன்றக் காட்சி நம்பும்படி இல்லை, மாற்றி எழுதுங்கள் என்றார். அவரும் மாற்றினார், எல்லாரையும் ஓர் அறையில் கூட்டி உண்மையை அவிழ்க்கும் அந்தப் புகழ்பெற்ற முறை அப்படி வந்ததுதான். முப்பது ஆண்டுகளுக்கும் மேலான பிறகு, 'விட்னஸ்' நாடகத்தில் அவர் மேடையில் ஒரு நீதிமன்றத்தையே நிறுத்தினார். இம்முறை வழக்குப் பதிவுகளைப் படித்துவிட்டு, வழக்கறிஞர்களைக் கேட்டுவிட்டு வந்தார். முதல் தளத்தில் நான் எழுதிய 'விட்னஸ்' உழைப்பை இந்தச் செய்தியோடு சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

2024 ஜூன் 11

'முதல் தளத்தில்' என்று எழுதிவிட்டேன். ஜூன் 3 குறிப்பில் என்று இருக்க வேண்டும்.

2024 ஜூன் 12

1926ஐப் பற்றி நான் ஏன் எதுவும் எழுதவில்லை என்று கேட்கிறார்கள். அந்த ஆண்டில் தாய் இறந்தார். கணவர் ஆர்ச்சி வேறொரு பெண்ணை விரும்புவதாகச் சொல்லி மணவிலக்குக் கேட்டார். டிசம்பர் 3 இரவு வீட்டை விட்டுக் காரில் போன கிறிஸ்டி, டிசம்பர் 14 அன்று ஹாரகேட் நகர விடுதி ஒன்றில் கண்டுபிடிக்கப்பட்டார். அந்தப் பெண்ணின் குடும்பப் பெயரிலேயே அங்கே பதிந்து தங்கியிருந்தார். நாடே அவரைத் தேடியது. அந்த நாட்களைப் பற்றித் தம் தன்வரலாற்றில் அவர் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. அவர் சொல்ல விரும்பாததை நான் ஊகித்து எழுதப் போவதில்லை.

2024 ஜூன் 15

'வெர்டிக்ட்' நாடகத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று இரண்டு நாளாக மனத்தில் இருக்கிறது. எழுதுவதற்கு முன் என் அனுபவம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறிய நாடகக் குழுவில் திரை இழுக்கும் பொறுப்பு என்னுடையது. மேடையின் பக்கத்தட்டிக்குப் பின்னால், கயிற்றை ஒரு கையிலும் பிரதியை மறுகையிலும் வைத்துக்கொண்டு நிற்பேன். கடைசி வசனத்தைச் சிவப்பு மையால் அடிக்கோடிட்டிருந்தேன். அந்த நாடகத்தில் "இனி யாரும் வர மாட்டார்கள்" என்ற வரி இரண்டு முறை வரும். இரண்டாவது முறை வந்த பிறகு, காணாமல் போனவன் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வர வேண்டும், அதன் பிறகே திரை. அன்று அந்த வரி காதில் விழுந்ததும் என் கை கயிற்றை இழுத்துவிட்டது. திரை பாதி வரும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. எதிர்ப்பக்கம் கதவுக்குப் பின்னால் நின்ற நடிகரின் கை தாழ்ப்பாளில் இருந்தது; அவர் என்னைப் பார்த்தார். அவையில் கைதட்டல் வந்தது. வந்திருந்தவர்கள் வேறொரு நாடகத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். யார் வரக் காத்திருந்தோமோ அவன் வராமலேயே முடிந்த நாடகம் அது.

1958 மே மாதம் ஸ்ட்ராண்ட் அரங்கில் 'வெர்டிக்ட்' தொடங்கிய இரவில் நடந்தது ஏறத்தாழ இதுவே. கடைசிக் கட்டத்தில் ஒரு பாத்திரம் திரும்பி வர வேண்டும். திரை சில நொடிகள் முந்தி விழுந்ததால் அந்த வருகை நிகழவேயில்லை. நம்பிக்கையில் முடிய வேண்டிய நாடகம் வெறுமையில் முடிந்தது. மேல்மாடத்திலிருந்தவர்கள் கூச்சலிட்டார்கள். நாடகம் ஒரு மாதம்கூடத் தாக்குப்பிடித்ததா என்று சொல்லும் அளவுக்குத்தான் ஓடியது. கொலையாளி யார் என்று தேடாத நாடகம் அது. கொலை நம் கண்ணெதிரே நடக்கிறது, கொள்கைப் பிடிப்புள்ள ஒரு நல்ல மனிதரால் அவரைச் சுற்றியுள்ளவர்கள் எப்படிச் சிதைகிறார்கள் என்பதே அதன் கேள்வி. அவையோர் புதிர் கேட்டு வந்திருந்தார்கள் என்பதும் தோல்விக்கு ஒரு காரணம். திரையின் மேல் மட்டும் பழியைப் போட எனக்கு மனமிருந்தாலும், அது முழு உண்மை ஆகாது.

'விட்னஸ்' நீங்கலாகத் தாம் எழுதியவற்றில் சிறந்த நாடகம் இதுவே என்று கிறிஸ்டி பின்னாளிலும் சொன்னார். அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, அதே ஆண்டு ஆகஸ்டில் 'தி அன்எக்ஸ்பெக்டட் கெஸ்ட்' என்ற புதிய நாடகத்தோடு டச்சஸ் அரங்குக்கு அவர் திரும்பி வந்தது. அது 604 முறை நிகழ்ந்தது. அவருக்கு அப்போது வயது அறுபத்தேழு.

2024 ஜூன் 17

'தி மவுஸ்டிராப்' 1952 முதல் இன்றுவரை ஒரு நாளும் நிற்காமல் ஓடுவதாக ஒருவர் எழுதியிருக்கிறார். அது சரியன்று. 1952 அக்டோபர் 6 அன்று நாட்டிங்ஹாமில் அரங்கேறி, நவம்பர் 25 அன்று லண்டன் அம்பாசடர்ஸ் அரங்குக்கு வந்தது. ரிச்சர்ட் அட்டன்பரோவும் அவர் மனைவி ஷீலா சிம்மும் முதல் குழுவில் நடித்தார்கள். 1974 மார்ச்சில் பக்கத்திலுள்ள செயின்ட் மார்ட்டின்ஸ் அரங்குக்கு இடைவெளியின்றி மாறியது. கொரோனா பரவலால் 2020 மார்ச்சில் நின்று, 2021 மே 17 அன்று மறுபடி தொடங்கியது.

எட்டு மாதம் ஓடும் என்று கிறிஸ்டி கணித்தார். தயாரிப்பாளர் பீட்டர் சாண்டர்ஸ் பதினான்கு மாதம் என்றார். நாடகத்தின் உரிமையைக் கிறிஸ்டி தம் பேரன் மாத்யூவின் ஒன்பதாவது பிறந்தநாளுக்குப் பரிசாகக் கொடுத்துவிட்டிருந்தார். முடிவை வெளியே சொல்லாதீர்கள் என்று நாடகம் முடிந்ததும் அவையோரைக் கேட்டுக்கொள்வது வழக்கம். நானும் சொல்லப் போவதில்லை. இந்த இழையில் யாரும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பத்தாம் ஆண்டு விழா சவாய் விடுதியில் நடந்தபோது, படமெடுப்பதற்காகச் சற்று முன்னதாகவே தனியாக வந்தார் கிறிஸ்டி. வாசலில் இருந்தவருக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. இன்னும் இருபது நிமிடம் யாரையும் விட மாட்டோம் என்றார். நான்தான் அதை எழுதியவள் என்று சொல்ல நா எழாமல், திரும்பி நடந்து, கூடத்தில் உட்கார்ந்துவிட்டார். எழுபது வயதைத் தாண்டிய பிறகும் அந்த டார்க்கி சிறுமியின் கூச்சம் போகவில்லை. படிக்கும்போதெல்லாம் நெஞ்சைப் பிசையும் இடம் இது.

2024 ஜூன் 20

இரண்டாவது யோசனை. முதலில் எழுதிய வாசகருக்கு நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். 'அக்ராய்ட்' நாவலின் உயிர், கதை சொல்லும் குரலில் இருக்கிறது. எதைச் சொன்னார், எதைத் தாண்டிப் போனார் என்பதில்தான் அதன் வித்தை. மேடையில் தாண்டிப் போக முடியாது. கதவு திறந்தால் எல்லாரும் பார்ப்பார்கள். ஆகவே அவருடைய மிகச் சிறந்த நாவல்களில் சிலவற்றை எந்த நாடகமும் எட்ட முடியாது. நாவலாசிரியரைச் சிறியவராக்கி நாடகாசிரியரை உயர்த்துவது என் நோக்கம் இல்லை; தொடக்கத்தில் நான் எழுதியதில் அந்தத் தொனி இருந்தது.

ஆனால் 'அண்ட் தென் தேர் வேர் நன்' கதையைப் பாருங்கள். 1939இல் வந்த நாவலின் முடிவில் கதையைச் சொல்ல ஆளே மிஞ்சுவதில்லை. மேடையாக்க இயலாத கதை என்றார்கள். அதுவே அவரைச் சீண்டியது. கதைக்கு அடிப்படையான குழந்தைப் பாட்டுக்கு இன்னொரு முடிவும் உண்டு என்பதைக் கண்டு, அதன்படி முடிவை மாற்றி 1943இல் செயின்ட் ஜேம்ஸஸ் அரங்கில் ஏற்றினார். போர்க்காலம் அது, குண்டுவீச்சில் அந்த அரங்கு சேதமடைந்து நாடகம் வேறிடம் போக வேண்டியிருந்தது. கிறிஸ்டி அப்போது பகலில் லண்டன் மருத்துவமனை ஒன்றின் மருந்தகத்தில் மருந்து கலந்துகொண்டிருந்தார்.

2024 ஜூன் 22

இன்னும் ஒரு சிறு குறிப்பு. 1930இல் அவர் மணந்த தொல்லியலாளர் மாக்ஸ் மல்லோவனோடு ஈராக்கின் நிம்ருத் அகழாய்வுக்குப் பல பருவங்கள் போனார். மண்ணிலிருந்து எடுத்த பழந்தந்தச் சிற்பங்களைத் துப்புரவாக்க அவர் கையாண்ட கருவிகள் ஒரு மெல்லிய பின்னலூசியும், முகத்துக்குப் பூசும் கிரீமும். பிளவுகளில் ஒட்டிய மண்ணைத் தந்தம் கீறாமல் எடுக்க அந்தக் கிரீமே சிறந்தது என்று கண்டார். ஒரு வசனத்தில் மிகையாக இருக்கும் சொல்லை எடுப்பவரின் கை இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

2024 ஜூன் 27

முதலில் எழுதிய வாசகர், எங்கிருந்து தொடங்கலாம் என்று இன்று கேட்டிருக்கிறார். 'தி ஹாலோ' நாவலையும் நாடகத்தையும் அடுத்தடுத்துப் படியுங்கள். அந்த நாவலில் பொய்ரோவைச் சேர்த்ததே தவறு என்று கிறிஸ்டி வருந்தியிருக்கிறார்; 1951இல் மேடையாக்கியபோது அந்தத் தவறைத் தாமே திருத்திக்கொண்டார். பொய்ரோ போன பிறகு, ஒருவரை ஒருவர் நேரே பார்த்துப் பேச வேண்டிய கட்டாயம் அந்த வீட்டு மனிதர்களுக்கு வந்துவிடுகிறது. நாடகப் பிரதியைப் படிக்கும்போது வசனத்தை மட்டும் படித்துக்கொண்டு போகாமல், சாய்ந்த எழுத்தில் இருக்கும் மேடைக் குறிப்புகளையும் நிறுத்திப் படியுங்கள். யார் எந்தக் கதவு வழியாக எப்போது வெளியே போனார் என்பதை அவர் அங்கேதான் எழுதிவைத்திருக்கிறார்.